கஞ்சிக்குச் சொன்ன சொல்

"அம்மா, ஆங்கிலத்துல ஒரு சொல் செத்துப்போச்சு" என்றார் தாணுலிங்கம்.

பூரணி அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்தச் சொல்லு?"

"ஆஸம்."

தாணுலிங்கம் முப்பது வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். ஓய்வு பெற்றதும் இந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்து, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான பூரணி அம்மாவைக் குருவாக வரித்துக்கொண்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொடுப்பதுதான் அவருக்கு இட்ட வேலை.

"செத்ததுக்கு என்ன காரணம் சாரே?"

"பயமும் வியப்பும் ஒண்ணாச் சேர்ந்து ஆளை நடுங்க வைக்கும் பாருங்க, அதுக்கு உண்டான சொல் அது. இடி முழக்கத்தைக் கேட்டவன் சொல்லணும். கடவுளைக் கண்டவன் சொல்லணும். இப்போ ஆட்டோ நேரத்துக்கு வந்தா ஆஸம். செருப்பு காலுக்குச் சேர்ந்தா ஆஸம். நேத்து ஒருத்தன் குழாயில தண்ணி வருதுன்னு ஆஸம்ங்கிறான்."

"போன கோடையில குழாயில தண்ணி வந்திருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

"கேலி பண்ணாதீங்கம்மா. மனசு வலிக்கு. நான் இப்போ அதை உங்களுக்குச் சரியாச் சொல்றதே இல்ல. 'நல்லாயிருக்காம்'னு சொல்லித் தள்ளிவிட்டுடுறேன்."

அம்மா ஒரு காம்பை உருவி எறிந்தார்.

"செத்துப்போச்சுன்னா நாடி புடிச்சுப் பாத்தீங்களா?"

தாணுலிங்கம் எழுந்து போனார். அவருக்குக் கோபம்தான்.

பத்து மணிக்கு ஒரு வேன் வந்தது. கனடாவிலிருந்து ஐந்து பேர். நால்வர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். மலை ஆஸம். மாமரம் ஆஸம். மரத்தடியில் படுத்திருந்த சொறிநாயும் ஆஸம்.

தாணுலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

ஐந்தாவது ஆள் ஓர் அம்மாள். மார்லீன் என்று பெயர். அறுபது வயதிருக்கும். கழுத்தில் துணி சுற்றியிருந்தார். யாரோடும் பேசவில்லை.

மடத்தில் வருகிறவர்களுக்கு முதலில் கஞ்சி. கேள்வி எல்லாம் அப்புறம். அம்மாவே ஒவ்வொருவர் கையிலும் டம்ளரைக் கொடுத்தார். தண்ணீர் போல நீர்த்த கஞ்சி, கொஞ்சம் உப்பு.

நால்வரும் மடமடவென்று குடித்தார்கள். தாணுலிங்கமும் குடித்தார்.

மார்லீன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வாய் எடுத்தார். விழுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கை கழுத்துக்குப் போனது.

தாணுலிங்கம் இதைக் கவனிக்கவில்லை. அம்மாவிடம் என்ன கேட்கலாம் என்று ஒருவர் விசாரிக்க, அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் காற்றுப் போல ஒரு குரல் வந்தது.

"ஆஸம்."

திரும்பினார். மார்லீன்தான்.

"என்ன சொல்றாங்க?" என்று அம்மா கேட்டார்.

"கஞ்சி நல்லாயிருக்காம்" என்றார் தாணுலிங்கம்.

அம்மா எழுந்தார். மார்லீனுக்கு முன்னால் வந்து நின்றார். சட்டென்று தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

மடத்துச் சாமி சந்நிதியில்கூட நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போகிறவர் அவர். இத்தனை வருஷத்தில் அவர் யார் காலிலும் விழுந்து தாணுலிங்கம் பார்த்ததில்லை.

"அம்மா! என்னம்மா இது?"

அம்மா தரையிலிருந்தபடியே சொன்னார். "அவங்களுக்கு என்ன நடந்ததுன்னு கேளுங்க."

கேட்டார்.

மார்லீன் கழுத்துத் துணியை அவிழ்த்தார். தொண்டையில் குறுக்கே ஒரு தழும்பு. புற்றுநோய் என்றார். அறுத்தார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள், தொண்டை சுருங்கி அடைத்துப்போனது. பத்தொன்பது மாதமாக வயிற்றில் செருகிய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. இப்போதும் அந்தக் குழாய் சட்டைக்குள் இருக்கிறது. வழியை விரித்துவிட்டோம், இனி விழுங்கிப் பார் என்று மருத்துவர் சொல்லி இரண்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் பயம் வந்து துப்பிவிடுவார்.

"இன்றைக்கு டம்ளரைக் கையில் வாங்கிவிட்டேன். திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. ஒரே ஒரு வாய். இறங்கிவிட்டது. அது உள்ளே இறங்குவது தெரிந்தது. நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக, யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போகிற மாதிரி."

அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. டம்ளரில் மிச்சமிருந்த கஞ்சியும் நடுங்கியது.

உடன் வந்த நால்வரும் மார்லீனை நெருங்கி வந்தார்கள். அவர்களுக்கும் இது புதிது.

தாணுலிங்கம் தன் கையிலிருந்த காலி டம்ளரைப் பார்த்தார். என்ன ருசி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். நினைவில் இல்லை.

அம்மா எழுந்து, மார்லீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாரே, அவங்க சொன்ன அந்த ஒரு சொல் இருக்கே, அதை மட்டும் எனக்குச் சரியாச் சொல்லுங்க."

தாணுலிங்கம் வாயைத் திறந்தார்.

எத்தனையோ சொற்கள் தெரிந்தவர். ஒன்றும் வரவில்லை. உதடு துடித்தது. தொண்டையில் ஏதோ உருண்டு அடைத்தது. விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. கன்னத்தில் நீர் வழிந்து சட்டையில் சொட்டியது. அப்படியே, வாய் திறந்தபடியே நின்றார்.

அம்மா அவரைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

"போதும்" என்றார். "எனக்குப் புரிஞ்சிடுச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க."