அரசர் சோறு தின்றவர்கள்

கருமாபுரி அரசவையில் பேசுவதற்கு நாக்கு மட்டும் போதாது, தாம்பாளமும் வேண்டும். மாதம் ஒரு நாள் கோரிக்கைச் சபை கூடும். யார் வேண்டுமானாலும் வந்து மன்னர் வீரசேகரரிடம் குறையைச் சொல்லலாம் என்று பெயர். ஆனால் வெறுங்கையோடு வந்தவன் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். பட்டும் பழமும் அடுக்கிய தாம்பாளம் இருந்தால்தான் உள்ளே இடம். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

வணிகர் தலைவர் குபேரசாமி மாதாமாதம் பத்துத் தாம்பாளத்தோடு வருவார், பத்துச் சலுகையோடு போவார். அரண்மனை ஊழியர்களுக்கு அதெல்லாம் கட்டுபடியாகுமா? அதனால் மடைப்பள்ளித் தலைவி காத்தாயி ஒரு வழி செய்தாள். ஊழியர்கள் ஆளுக்குத் தினம் ஒரு பிடி அரிசி கொடுப்பது, சேர்ந்ததை விற்று மாதம் ஒரு தாம்பாளம் வாங்குவது. அதைக் கொண்டுபோய்ச் சபையில் நம் பக்கத்தைச் சொல்வது.

அந்த மாதம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று வந்தது. முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்த ஊழியருக்கு, சாகும்வரை மாதம் ஒரு மரக்கால் மூப்பரிசி உண்டு. அதை நிறுத்திவிட அமைச்சர் விருபாட்சர் ஓலை எழுதி வைத்திருந்தார்.

சபை நாள் காலையில் காத்தாயி கூடையோடு வாயிற்காவலன் பொம்மையனிடம் வந்தாள். அடுத்த மாதம் அவனுக்கு முப்பது வருஷம் முடிகிறது.

"ஒரு பிடி போடுங்கண்ணே."

"போம்மா! கதவு திறக்கறது என் வேலை. உள்ள என்ன பேசினா எனக்கென்ன? நமக்கெதுக்கு அரசியல்?"

இதைக் கேட்டுக்கொண்டே வந்தான் சாத்தையன். அவன் அரசவை விகடன். மன்னருக்குச் செல்லப்பிள்ளை, அமைச்சருக்குக் கண்ணில் விழுந்த தூசி.

"நீ திறந்துவிடும் கதவு வழியாகத்தானே அந்தப் பத்துத் தாம்பாளமும் உள்ளே போகிறது, பொம்மையா? உன் மூப்பரிசியைப் பறிக்கப் போகிறவர்களுக்குக் கதவைத் திறந்து கும்பிடும் போடுகிறாய். இதில் அரசியல் வேண்டாமாம்! உன்னைப் போல நாலு பேர் இருந்தால் போதும், அமைச்சர் நிம்மதியாகத் தூங்குவார்."

பொம்மையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.  திட்டிப் பயனில்லை என்று சாத்தையன் உள்ளே போனான்.

சபை கூடியது. காத்தாயி தாம்பாளத்தோடு வாசற்படியில் கால் வைத்ததுமே விருபாட்சர் எழுந்தார்.

"நில்! மகாராஜா, இவர்கள் தின்பது அரசர் சோறு. சேர்த்த பிடியரிசியும் அரசர் அரிசி. அரசர் அரிசியைக் கொண்டே அரசரிடம் வாதாட வருவதா? அரசர் சோறு தின்பவர் எவரும் இந்தச் சபையில் வாய் திறக்கக் கூடாது என்று ஆணையிட வேண்டும்."

காத்தாயி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சாத்தையன் துள்ளி எழுந்தான்.

"அருமை! அமைச்சர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதி, இந்த நொடியே முத்திரை வையுங்கள், மகாராஜா!"

இவனா நமக்கு ஆதரவு என்று விருபாட்சருக்கு ஒன்றும் புரியவில்லை. மன்னர் முத்திரை வைத்தார். சாத்தையன் ஓலையை வாங்கிக்கொண்டு, வாயை இறுக மூடி உட்கார்ந்தான்.

குபேரசாமி முன்னே வந்தார். "மகாராஜா, மூப்பரிசி நின்றால் மிஞ்சும் நெல்லை எங்களுக்குக் குறைந்த விலைக்குத் தர வேண்டும்."

மறுத்துப் பேச ஆளில்லை. குபேரசாமிக்குத் தைரியம் வந்துவிட்டது.

"குதிரைகள் மேயும் புல்வெளியும் வேண்டும். கிடங்கு கட்டுவதற்கு."

தளபதி பதறி எழுந்தார். சாத்தையன் ஓலையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அவர் மீசை துடிக்க உட்கார்ந்தார்.

"அமைச்சருக்கு மானியமாகக் கொடுத்த மாந்தோப்பும் வேண்டும். வண்டி நிறுத்துவதற்கு."

"அடப்பாவி! போன வாரம் என் வீட்டில் விருந்து…" என்று விருபாட்சர் ஆரம்பித்தார். மூக்குக்கு நேரே ஓலை வந்து நின்றது. அவர் எழுதச் சொன்ன அதே வரி. மென்று விழுங்கினார்.

"கடைசியாக, எங்கள் சுங்கத்தை அடியோடு எடுத்துவிட வேண்டும்."

மன்னர் சிங்காசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "என்ன துணிச்சல்! உன்னை…"

சாத்தையன் பூனை போல நடந்து போய் ஓலையை மன்னருக்கு முன்னால் விரித்தான். பிறகு மடைப்பள்ளிப் பக்கம் கை காட்டினான். சோற்றைப் பிசைந்து வாயில் போடுவதுபோல் நடித்தான். மரியாதையோடு மன்னரின் வயிற்றைக் காட்டினான்.

மன்னர் திறந்த வாயை மூடினார்.  பேச உரிமையுள்ள ஒரே ஆள் குபேரசாமி, அவருக்கும் இப்போது பேச்சு வரவில்லை.

மன்னரின் தொப்பை முதலில் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்தது. ஓலையைக் கிழித்து எறிந்தார்.

"அரசர் சோறு தின்றவர்கள் வாயை மூடினால் நாட்டையே சந்தையில் விற்றுவிடுவார்கள் போலிருக்கிறதே! உள்ளே வா, காத்தாயி. சொல்."

"முப்பது வருஷம் உழைச்சவங்க வயித்துல அடிக்காதீங்க, மகாராஜா. அவ்வளவுதான்."

"மூப்பரிசி தொடரும். குபேரசாமி, உமக்கு ஒன்றும் கிடையாது." மன்னர் தம் கழுத்து மாலையைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டார். "இந்தத் தாம்பாள வழக்கமே வேண்டாம். அடுத்த சபையில் அதை ஒழிக்கிறேன். காத்தாயி இனிப் பிடியரிசி எடுக்க வேண்டாம், சரிதானே?"

சாத்தையன் பதறிப்போய்க் கும்பிட்டான்.

"தாராளமாக ஒழியுங்கள், மகாராஜா. ஆனால் ஒழிக்கக் கூடாது என்று சொல்ல அன்றைக்கு வணிகர்கள் நூறு தாம்பாளத்தோடு வருவார்கள். ஒழியுங்கள் என்று சொல்ல எங்களுக்கு ஒன்றாவது வேண்டாமா?"