புள்ளியாக உட்கார்ந்த கோணப்பட்டி

கோணப்பட்டியில் இரண்டே தெரு, வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம் ஆகிறது. காரணம் அற்பமானதல்ல. திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கியின் வாய் எந்தத் தெருவைப் பார்ப்பது என்பதுதான். வடக்கே திருப்பினால் தெற்குக்குக் கோபம், தெற்கே திருப்பினால் வடக்குக்குக் கோபம். பூசாரி வெறுத்துப்போய் அதைக் கழற்றிப் பரணில் போட்டார். பாட்டு நின்றது. சண்டை நிற்கவில்லை.

இதற்கு நடுவே வடக்குத் தெரு ஒச்சப்பன் மகள் பூங்காவனத்துக்கும் தெற்குத் தெரு சுருளிவேல் மகன் வீரணனுக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் மில்லுக்குப் போகிறவர்கள். பஸ்ஸுக்கு ஏது வடக்கும் தெற்கும்?

முதல் முகூர்த்தத்துக்கு வடக்குக்காரர்கள் தெற்குப் பந்தலில் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். இரண்டாவது முகூர்த்தத்துக்குத் தெற்குக்காரர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். மிச்சம் இருந்தது ஆனி மாதக் கடைசி வெள்ளி, காலை ஒன்பதிலிருந்து பத்தரை. அதை விட்டால் ஆடி. பூங்காவனம் அப்பாவிடம் நிதானமாகச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் தப்புச்சுன்னா இனிமே எனக்கு மாலை வாங்காதீங்கப்பா. நான் பாட்டுக்கு பஸ்ஸுல போயி பஸ்ஸுல வந்துக்கிட்டே இருக்கேன்." ஒச்சப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் தாலுகாவிலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். சண்டை போடும் ஊர்களைக் கோலத்தால் சேர்த்து வைப்பது அவருடைய திட்டம். கோயில் மைதானத்தில் இரண்டு தெருவையும் எதிரெதிரே நிற்கவைத்து விளக்கினார். ஊருக்கு ஒரே கோலம். ஒருத்தர் விடாமல் எல்லாரும் அந்தக் கோலத்தில் இருக்க வேண்டும். வடக்கு, தெற்கு என்று பிரியாமல் கலந்து இருக்க வேண்டும். வெள்ளி காலை எட்டு மணிக்கு வந்து பார்ப்பார். அவர் பார்ப்பதற்குள் யாரும் கோலத்தில் கால் வைத்துவிடக் கூடாது. அவர் போனதும் அதே மைதானத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். இரண்டு தெருவும் தலையாட்டியது. மைதானம் யாருடைய தெருவும் இல்லையே.

அவர் போன பிறகு ஆலோசனை நடந்தது. இரண்டு தெருவும் ஒன்றோடொன்று பேசாது என்பதால், வடக்கு ஆலமரத்தைப் பார்த்துப் பேசியது. தெற்கும் ஆலமரத்தைப் பார்த்தே பதில் சொன்னது.

"எல்லாரும் கோலத்துல இருக்கணும்னா எப்படி இருக்குறது?" என்று சுருளிவேல் மரத்தைக் கேட்டார்.

ஒச்சப்பன் வெகு நேரம் யோசித்தார். "கோலத்துல இருக்குறது ரெண்டே சாமான். ஒண்ணு புள்ளி, இன்னொண்ணு கோடு. கோடா இருக்கணும்னா படுத்துக்கிட்டு வளையணும். இந்த வயசுல முதுகு தாங்காது. புள்ளின்னா சம்மணம் போட்டு உக்காந்தாப் போதும்."

இப்படி ஒரு மூளை வடக்குத் தெருவில் இருக்கிறதே என்று தெற்குக்காரர்களுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

கோலத்தில் கெட்டிக்காரியான பேச்சியம்மாள் பதினோரு வரிசை, வரிசைக்குப் பதினோரு புள்ளி என்று கணக்குச் சொன்னாள். நூற்று இருபத்தோரு புள்ளி வேண்டும். ஊரில் இருந்தது நூற்றுப் பத்தொன்பது பேர். குறைந்த இரண்டுக்கும், ஓரவஞ்சனை இல்லாமல், வடக்கிலிருந்து ஓர் ஆடும் தெற்கிலிருந்து ஓர் ஆடும் கொண்டுவந்து கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊரே குளித்துக் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்தது. வடக்காள் ஒன்று, தெற்காள் ஒன்று என்று மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கலாகாது என்று, நடுப் பத்தியின் வடக்கு முனையில் பூங்காவனத்தையும் தெற்கு முனையில் வீரணனையும் வைத்தார்கள். இருவர் கழுத்திலும் மாலை. அந்தந்தச் சம்பந்தி அந்தந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில். சரியாக நட்டநடுவில் தவில்காரர் காசிராசன், மடியில் தவிலோடு.

பேச்சியம்மாள் கோலப்பொடியை எடுத்தாள். ஒரே இழை, எங்கும் அறாத சிக்குக் கோலம். ஒவ்வொரு ஆளையும் சுற்றி வளைத்து, ஆட்டையும் வளைத்து, கடைசியில் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கோட்டைத் தொடங்கிய இடத்தில் சேர்த்துவிட்டு உட்கார்ந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பார்க்கத்தான் வெளியே ஊர்க்காரர் ஒருத்தரும் இல்லை.

எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. அதிகாரியம்மா வரவில்லை.

கோலத்தை மிதிக்காமல் எப்படி எழுந்து வருவது என்று இந்த இடத்தில் நீங்கள் கேட்க நினைப்பீர்கள். கேட்காதீர்கள். கோணப்பட்டிக்காரர்களுக்கும் அந்த யோசனை எட்டரை மணிக்குத்தான் வந்தது.

பசி வேறு. வெளியூர்ச் சமையல்காரர் ஒருவர் மட்டும் கோலத்துக்கு வெளியே இருந்தார். அவர் ஓரத்தில் நின்று பொங்கல் இலையை நீட்ட, அது வடக்குக் கையிலிருந்து தெற்குக் கைக்கும், தெற்குக் கையிலிருந்து வடக்குக் கைக்கும் மாறிப் போனது. பதினோரு வருஷமாக ஒரு தீக்குச்சி கொடுத்து வாங்காதவர்கள். "இவுக கையும் நம்ம கை மாதிரியே சுடுதே" என்று பேச்சியம்மாள் ஆச்சரியப்பட்டாள். தாலித் தட்டும் அப்படியே எல்லாரும் தொட்டுக் கும்பிடச் சுற்றி வந்து, வீரணன் மடியில் சேர்ந்தது.

மணி ஒன்பதே முக்கால். பெண் அந்த முனை, மாப்பிள்ளை இந்த முனை. எழுந்து நடந்தால் கோலத்தில் கால் படும். உட்கார்ந்திருந்தால் ஆடி வந்துவிடும். ஒச்சப்பன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்பா, பொங்கல் எப்படி வந்துச்சு?" என்றாள் பூங்காவனம்.

"கைமாறி வந்துச்சு."

"அதுக்குக் காலு இருந்துச்சா?"

ஊரே தன் தன் கையைப் பார்த்தது. பிறகு ஒச்சப்பன், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, ஆலமரத்தை விட்டுவிட்டு நேராகத் தெற்கைப் பார்த்துப் பேசினார். "சம்பந்தி, எங்க பொண்ண உங்க பக்கம் அனுப்புறோம். வாங்கிக்கங்க."

சுருளிவேலும் மரத்தை விட்டுத் திரும்பினார். ஒரு ஆள் இவ்வளவு இறங்கி வரும்போது நாம் சும்மா இருப்பது மரியாதையா? "அது முறையில்ல சம்பந்தி. எங்க பையந்தான் வரணும்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இதுல என்ன சிரமம் சம்பந்தி?"

முன்பு விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டவர்கள் இப்போது விட்டுக்கொடுப்பதற்குச் சண்டை போட்டார்கள். அதில் அரை மணி நேரம் போனது. பத்தே கால் ஆனதும் பேசிப் பயனில்லை என்று சுருளிவேல் மகனைத் தாலியோடு தூக்கி முன்னால் இருந்த ஆள் கையில் கொடுத்தார். அதே நொடியில் ஒச்சப்பன் மகளைத் தூக்கி முன்னால் கொடுத்தார். மாப்பிள்ளை வடக்கே போனான், பெண் தெற்கே வந்தாள், தலைகளுக்கு மேலே, கைமேல் கையாக.

நடுவில் காசிராசன் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கம்பக்கமாக, மாலையோடு. அப்படிப் பார்த்தால் கொட்ட வேண்டும் என்பதுதான் அவர் படித்த படிப்பு. கெட்டிமேளம் முழங்கியது. கெட்டிமேளம் கேட்டால் கட்ட வேண்டும் என்பது வீரணன் அம்மா சொல்லி அனுப்பியது. படுத்தவாக்கில் இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவது முடிச்சு போடவேண்டிய நாத்தனார் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் கழுத்து தன் கைக்கு வந்தபோது போட்டு அனுப்பினாள். அட்சதை மழையாக விழுந்தது. ஆடுகள் சாப்பிட்டன.

யாரும் கையை நிறுத்தவில்லை. பூங்காவனம் தெற்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தாள், வீரணன் வடக்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தான். கல்யாணம் முடிந்தது. இரண்டு தெருவும் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பதினொரு மணிக்கு அதிகாரியம்மா வந்தார். ஜீப் மேலே ஏறிப் பார்த்தார். போட்டோ எடுத்தார், முதல் பரிசு என்றார். போகும்போது சொன்னார். "இந்த ஒத்துமை என்னைக்கும் இப்படியே இருக்கணும். கலைஞ்சிடாதீங்க."

ஜீப் போனது. பாதி எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இப்படியேன்னு சொன்னாங்க" என்றார் சுருளிவேல்.

"கலையக் கூடாதுன்னும் சொன்னாங்க" என்றார் ஒச்சப்பன்.

எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நல்ல நேரம். புது மாப்பிள்ளை வடக்கு முனையில் ஒச்சப்பன் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து தெற்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒச்சப்பனுக்கு மனசு கேட்கவில்லை. பையனைப் பெண்ணிடம் சேர்த்துவிடலாம் என்று தூக்கி முன்னால் கொடுத்தார். அதே மனசு சுருளிவேலுக்கும் இருந்தது. அவர் மருமகளைத் தூக்கி முன்னால் கொடுத்தார்.

நடு வரிசைக்கு மேலே இரண்டு பேரும் சந்தித்தார்கள்.

"சாப்டியா?" என்றான் வீரணன்.

"ஆச்சு" என்றாள் பூங்காவனம், வடக்கே போய்க்கொண்டே.

கீழே காசிராசன் தவிலை நிமிர்த்திக் கெட்டிமேளம் கொட்டினார்.