நான்காம் திசைக்கு ஓர் இலை

ஆற்றின் தென்கரையில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவி தையல்நாயகி அம்மையாருக்கு நாற்பத்தைந்து வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த திருமேனியாருக்கோ அறுபத்திரண்டு. தென்கரை நாட்டுக்கு மந்திரியாக இருந்து ஓய்ந்தவர்.

அன்று உச்சிப்பொழுது நெருங்கும் நேரத்தில் ஒரு மாட்டுவண்டி மடத்து வாசலில் வந்து நின்றது. வண்டி நிறைய ஒரே ஒரு கல். திருமேனியார் அதன் மேலிருந்த துணியை விலக்கினார்.

"படிச்சுப் பாருங்க அம்மா."

அம்மையார் எழுத்தை விரலால் தடவிப் படித்தார். 'போர் வேண்டாம். மேலோர் கீழோர் என்பது வேண்டாம். எவ்வுயிர்க்கும் இரங்குவோம்.'

"நல்லா இருக்கே. ஆழமா செதுக்கியிருக்காங்க."

"வாசகம் நான் எழுதினது. ராஜா கேட்டுக்கிட்டார். நாளைக்கு வடகரை நாட்டுத் தூதர் ஆற்றைத் தாண்டி வர்றார். அவர் முத்திரை வெச்சுட்டா பதினோரு வருஷத்துச் சண்டை தீர்ந்தது. சிறை பிடிச்ச நம்ம ஆட்கள் நாற்பது பேரையும் விட்டுடுவாங்க."

அந்த நாற்பது பேரில் ஒருவன் திருமேனியாரின் மகன் கண்ணப்பன். மூத்தவன் போரில் போய்விட்டான். மிச்சம் இருப்பது இவன்தான். அம்மையாருக்கு அது தெரியும். பூசையில் தினமும் அவன் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறவரும் அவர்தான்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கல் நட்டோம் அம்மா. கோட்டை வாசல்ல ஒண்ணு, கோயில் முன்னால ஒண்ணு. ரெண்டையும் நாமளே இடிச்சுத் தள்ளினோம். அதனாலதான் உங்களைக் கேட்கிறேன். இந்தக் கல்லை எங்கே நட்டா நிற்கும்?"

அம்மையார் வெயிலைப் பார்த்தார்.

"உச்சி ஆயிடுச்சு. இன்னிக்கு அழைப்பு உங்க முறை. முதல்ல அதை முடிச்சுட்டு வாங்க ஐயா."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியப் பந்தி தொடங்குமுன் ஒருவர் ஆற்றுத்துறையில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு திசையாகத் திரும்பி, 'பசித்தவர் உண்டா?' என்று குரல் கொடுக்க வேண்டும். பசித்தவர், 'உண்டு, இலை உண்டா?' என்பார். 'போட்டாயிற்று' என்று பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு யார் வந்தாலும், எந்த ஊர், என்ன குலம் என்று கேட்கிற பழக்கம் அங்கே இல்லை.

திருமேனியார் துறையில் நின்றார். கிழக்கே கூப்பிட்டார். தெற்கே கூப்பிட்டார். மேற்கே கூப்பிட்டார். வந்துவிட்டார்.

"ஆச்சு அம்மா."

"நாலாவது?"

"வடக்கேயா? அதை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆச்சே."

"யார் நிறுத்தினது?"

அவர் தலை குனிந்தார். போர் தொடங்கிய முதல் மாதமே, வடகரையாரை உணவுக்கு அழைக்கக் கூடாது என்று ஆணை எழுதிக் கையெழுத்திட்டவர் அவர்தான்.

சோற்றுத் தட்டோடு வந்த உலகம்மை நின்றாள். மடத்து அடுப்பைக் கட்டி ஆளுகிறவள் அவள். மந்திரி, ராஜா என்று பார்த்துப் பேசுகிறவள் அல்ல.

"கூப்பிடாதேன்னுதான் எழுதினீங்க மந்திரி ஐயா. இலை போடாதேன்னு எழுதலையே."

"என்ன சொல்றே?"

"உள்ளே வந்து பாருங்க."

பந்திக் கூடத்தின் வடக்கு மூலையில் ஓர் இலை போட்டிருந்தது. சோறு, குழம்பு, கீரை எல்லாம் இருந்தன. ஆள் மட்டும் இல்லை. இரண்டு வருஷமாக அவர் பார்த்துவரும் இலைதான்.

"இது சாமிக்குன்னு நினைச்சேன்."

"ஏன், சாமி அந்தக் கரையில இருக்கக் கூடாதா?" என்றாள் உலகம்மை. "ஒரு நாள் தப்பினதில்லை. வாழை காய்ஞ்சுபோன வருஷம் ஆலிலையைத் தைச்சுப் போட்டேன். அரிசி இல்லாத மாசம் கஞ்சி ஊத்தினேன். பந்தி முடிஞ்சா ஆத்து மீனுக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். மீன் அக்கரைக்கும் போகுமில்ல?"

திருமேனியார் அம்மையாரிடம் திரும்பினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"இப்போ போய்க் கூப்பிடச் சொல்றீங்களா அம்மா? ரெண்டு கரையிலயும் வில்லோட காவல் நிக்குது. ஏதோ சங்கேதம்னு நினைச்சு ஒருத்தன் அம்பு விட்டா போதும். நாளைக்குத் தூதர் வர மாட்டார். என் பிள்ளை வர மாட்டான்."

"பயமா இருந்தா வேண்டாம் ஐயா. நாளைக்குக் கல்லை நட்டுட்டு, அப்புறமாக் கூப்பிட்டுக்கலாம்."

அவர் வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். துறைக்கு நடந்தார்.

வடக்கே திரும்பினார். முதல் முறை குரலே எழும்பவில்லை. நாடெங்கும் போர் என்று முழங்கிய தொண்டைதான் அது. எதிர்க்கரையில் ஒரு காவலன் வில்லை எடுத்து நிமிர்ந்தான். திருமேனியார் இரண்டு கைகளையும் விரித்து உயர்த்தினார்.

"பசித்தவர் உண்டா?"

காவலனின் வில் தாழவில்லை.

"பசித்தவர் உண்டா?"

எதிர்க்கரைக்காரன் வில்லைத் தாழ்த்தினான். வாயருகே கைகளைக் குவித்தான்.

"உண்டு! இலை உண்டா?"

திருமேனியார் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து உலகம்மை கத்தினாள். "போட்டாயிற்று! சோறு ஆறுது, சீக்கிரம் வா!"

ஒரு படகு வந்தது. இரண்டு வீரர்கள். வில்லைத் தங்கள் கரையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். துறையெல்லாம் சேறு. முதலில் இறங்கியவன் வழுக்கி, முழங்கால் வரை புதைந்தான்.

"உங்க சேறு இன்னும் சமாதானத்துக்கு வரலை போலிருக்கே!" என்றான். அவன் பெயர் சாத்தன். துறையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

வடக்கு இலையில் சாத்தன் உட்கார்ந்தான். பக்கத்தில் இன்னோர் இலை போட்டு அவன் தோழன். அதற்கடுத்து வண்டிக்காரன். அதற்கடுத்து திருமேனியார். உலகம்மை ஒரே கரண்டியால் நால்வருக்கும் ஊற்றிக்கொண்டு போனாள்.

சாத்தன் இரண்டு கவளம் உண்டபின் தலை நிமிர்ந்தான்.

"பதினோரு வருஷமாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க மூணு பக்கம் கூப்பிடுவீங்க. அப்புறம் குழம்பு ஊத்துற இந்த அம்மா வந்து, வாயைத் திறக்காம, எங்க பக்கம் திரும்பி நிப்பாங்க. அந்த நேரம் எங்க ஆட்கள்ல ஒருத்தர்கூட அம்பு தொட்டதில்லை. தளபதி விடச் சொன்னார். விடலை. சவுக்கடி வாங்கினோம். அப்பவும் விடலை."

அதைச் சொல்லும்போது அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. உலகம்மை திரும்பி வந்தாள். அவன் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு விழுந்தது.

திருமேனியார் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினார். கடைசியில் கேட்டார்.

"உங்க பாசறையில கண்ணப்பன்னு ஒருத்தன்..."

"கால்ல அடிபட்டவரா? காயம் ஆறிப்போச்சு. ஆனா கம்பை ஊன்றித்தான் நடக்கிறார். நாளைக்கு முதல் படகு அவருக்குத்தான்."

பெரியவரின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"சாப்பிடுங்க ஐயா," என்றாள் உலகம்மை. இந்த முறை மந்திரி என்று சொல்லவில்லை.

வீரர்கள் எழுந்து கை கழுவினார்கள். பாசறைக்கென்று ஒரு குடம் சோறும் குழம்பும் படகில் ஏறின. படகு நடு ஆற்றுக்குப் போகும்வரை எல்லோரும் துறையில் நின்றார்கள்.

திருமேனியார் கண்களைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"மந்திரியா எத்தனையோ வெற்றி பார்த்திருக்கேன் அம்மா. இந்த மடத்துல வடக்கு இலை போட்ட பந்தியில உட்கார்ந்தேன்னு சொல்லிக்கிற பெருமை அதுல எதுலயும் இல்லை."

அம்மையார் புன்னகைத்தார்.

"கல் வண்டியிலயே இருக்கே ஐயா."

"ஆமாம். எங்கே நடணும்னு நீங்க இன்னும் சொல்லலையே."

"நட வேண்டாம். இந்தத் துறையில படுக்க வைங்க. படியா இருக்கட்டும்."

அவர் பதறிப்போனார்.

"படியாவா? அது எழுத்தாச்சே அம்மா! எல்லாரும் மிதிப்பாங்களே! எழுத்து கீழே போற மாதிரி குப்புறப் போடச் சொல்லட்டுமா?"

சாத்தன் வழுக்கிய இடத்தில் சேற்றுத் தடம் இன்னும் மூடவில்லை. அம்மையார் அதைப் பார்த்தபடி சொன்னார்.

"மேலயே இருக்கட்டும் ஐயா. எழுத்து ஆழமா இருக்கு. கம்பை ஊன்றினா வழுக்காது."