கரண்டி பேசும் கிழமை

கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன மடம். அதன் சாமியாருக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. தன்னிடம் தீட்சை வாங்கிய பெரியவர்களையும் அவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

தையல்நாயகியும் அவரிடம் தீட்சை வாங்கியவள். மூத்த பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணம் முடித்துவிட்டாள். கடைக்குட்டி சுபாஷிணியை நர்சிங் படிக்க அனுப்பியிருந்தாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் மடத்துக்கு வந்தாள். குருபூஜைச் சமையலுக்காகச் சாமி பின்கட்டில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கும்பிட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, தானும் ஒரு பிடி புளியை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“சுபாவுக்கு ஒரு கயிறு மந்திரிச்சுக் கொடுங்க சாமி. சாயங்காலம் ஒரு எட்டு வீட்டுக்கு வந்து புத்தியும் சொல்லணும்.”

லீவுக்கு வந்த பெண் கல்லூரிக்குத் திரும்பவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்தாள். குளித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தலை வாருவதே கிடையாது. இனிமேல் லீவு தர முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை பஸ்ஸில் கூட்டிப்போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருவதாக அவள் அப்பா முடிவு செய்திருந்தார். போகமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. பெட்டியில் துணி எடுத்து வைக்கவும் இல்லை.

“அங்க இருக்கிற மேடம் போன் பண்ணாங்க. மனநல டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்றாங்க. வயசுப் பொண்ணை அங்கெல்லாம் கூட்டிட்டுப் போனா, நாளைக்கு நல்ல இடத்துல இருந்து மாப்பிள்ளை வருவானா?”

சாமி கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டார்.

“எங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருந்துச்சா சாமி? வேலைதான் இருந்துச்சு. அழுகை வந்தா அடுப்பை ஊதுவோம். பார்க்கிறவங்க புகைன்னு நினைச்சுக்குவாங்க. அதோட சரி.”

மகள் சொன்னதையும் அதற்குத் தான் சொன்னதையும் அவள் வரிசையாகச் சொன்னாள். தூக்கம் வரவில்லை என்றாளாம் மகள். உடம்பு வளைந்து வேலை செய்தால் தூக்கம் தானாக வரும் என்றாளாம் இவள். சோறு இறங்கவில்லை என்றாளாம். ஒரு முட்டையை வீடே பங்குபோட்டுத் தின்ற கதையை இவள் எடுத்துச் சொன்னாளாம். வார்டுக்குள் போனாலே நெஞ்சு படபடக்கிறது என்றாளாம். நடவு வயலில் வலியெடுத்து, வரப்பில் நடந்தே வீட்டுக்கு வந்து உன் அண்ணனைப் பெற்றேன், தெரியுமா என்று இவள் கேட்டாளாம்.

“இப்ப அதுவும் சொல்றதில்ல. அவ கண்ணைப் பார்த்தா எனக்கே பயமா…”

“பயமா?” என்று சாமி குறுக்கே வந்தார். “நான் மடத்துக்கு வந்த புதுசுல சுடுகாட்டுப் பக்கம்தான் படுக்கை. எங்க காலத்துல பயமெல்லாம் ஏது?”

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்தவர் பேச்சில் குறுக்கே விழுகிற பழக்கம் சாமிக்குக் கிடையாது.

“இல்ல சாமி, நேத்து சோத்தைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு…”

“சோறா? பழைய சாமி இருந்தப்ப பிரதோஷம் வந்தா எங்களுக்கு வில்வத் தண்ணிதான்.”

“அது சரி. என்கிட்ட முகம் கொடுத்தே அவ…”

“எங்க குரு என்கிட்ட முகம் கொடுத்துப் பேசவே வருஷக்கணக்கா ஆச்சு. நாங்க படுத்துக்கிட்டோமா?”

அவள் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள்.

“சாமிக்கு என் கடைசித் தம்பி வயசு. அதுக்குள்ள என்ன அந்தக் காலம், இந்தக் காலம்?” சிரித்துக்கொண்டுதான் கேட்க நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. “மனசு பொறுக்காமத்தான் இங்க ஓடி வந்தேன். நான் வாயைத் திறந்தாலே மூடுறீங்க. சொல்லி முடிச்சுக்கிறேனே.”

“முடிச்சதும் நான் என்ன பதில் சொல்லணும்?”

“பதில் வேணாம் சாமி. காது கொடுத்தா போதும்.”

சாமி கையைத் துடைத்துக்கொண்டார். அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் வாயே திறக்கவில்லை.

அவள் பேசினாள். பூஜை விளக்கின் முன் நின்றால் கடவுள் பெயர் வராமல் மகள் பெயர் வருவதைச் சொன்னாள். கிணற்று மூடியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பதைச் சொன்னாள். வீட்டுக்காரரிடம்கூட அதைச் சொல்லவில்லை என்றாள். அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, மிச்சம் இருந்த வருத்தத்தையும் எடுத்தாள்.

“மரியாதையும் இல்ல சாமி. மத்த நாளெல்லாம் படுத்துக் கிடந்தவ, போன திங்கட்கிழமை பார்த்து எழுந்து வர்றா.”

திங்கட்கிழமை அவளுக்கு மௌன விரதம். சாமி கொடுத்த விரதம்தான். சாயங்காலம் விளக்கு ஏற்றும் வரை பேசமாட்டாள். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். அவர்கள் தெருவில் அதற்குக் கரண்டி பேசும் கிழமை என்றே பெயர். ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு, எனக்குத் திங்கள் என்று அவள் வீட்டுக்காரர் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் திங்கட்கிழமை சுபா தலை வாரிக்கொண்டு அடுக்களைக்கு வந்தாளாம். அரிவாள்மணைக்கு எதிரில் உட்கார்ந்து, அம்மா ஒன்று சொல்லட்டுமா என்றாளாம். தையல்நாயகி உதட்டில் விரலை வைத்து, நாளைக்கு என்று கையைக் காட்டினாளாம். இல்லம்மா, இப்பவே சொல்கிறேன் என்றாளாம். விரதம் கெட்டுவிடும் என்று இவள் கரண்டியை எடுத்துப் பாத்திரத்தில் ஓங்கித் தட்டினாளாம். சுபா எழுந்து போய்விட்டாள். மறுநாள் இவளே போய்க் கேட்டபோது, ஒன்றுமில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

“பேசறதுக்கு வேற நாளா இல்ல? என் விரதத்தைக் கெடுக்கன்னே அன்னிக்கு வரணுமா?”

“மத்த நாள்ல அவ ஏன் வரலை?” என்றார் சாமி.

“மத்த நாள்ல அவ எதைச் சொன்னாலும் நான்தான்…”

தட்டிலிருந்த புளியங்கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பதில் பேசமாட்டேன்னு தெரிஞ்சு வந்திருக்கா” என்றாள் மெல்ல. “தலை வாரிக்கிட்டு வந்திருக்கா சாமி.”



முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அவளே டாக்டர்கிட்ட போகணும்னு சொன்னா?”

“ஹாஸ்டலுக்குப் போற பஸ் ஆஸ்பத்திரி வாசல்லயும் நிக்குதும்மா.”

“அவ அப்பா ஒத்துக்கமாட்டாரே.”

“அவரை இங்க அனுப்புங்க. புளி இன்னும் ஒரு மூட்டை இருக்கு. ஆய்ஞ்சுக்கிட்டே பேசுறோம்.”

அவள் எழுந்தாள். கயிறு கேட்டு வந்தது நினைவில் இல்லை. நிலைப்படி வரை போனவள் திரும்பி நின்றாள்.

“பேசிப் பேசியே பழகிட்டேன் சாமி. உள்ள போனதும் வாய் தானா ஆரம்பிச்சிடும். அவகிட்ட என்ன சொல்லணும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க. அதோட நிறுத்திக்கிறேன்.”

சாமி மறுபடியும் புளியைக் கையில் எடுத்தார்.

“இன்னிக்குத் திங்கட்கிழமைன்னு சொல்லுங்க.”