பொன்னாடை போர்த்திய பிறந்தநாள்

மதிவதனிக்குப் பதினொரு வயது நிறைகிறது. தோழிகள் பத்துப் பேரை வீட்டுக்கு அழைத்துவிட்டாள். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தாசில்தார் சபாபதி, மாடிப்படியேறி வந்து சொன்னார்: "கீழே என் காதில் ஒரு சத்தம் விழுந்தாலும் அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணணும்!"

பிள்ளையின் முகம் வாடியது. அம்மா கேக்கே வேண்டாம் என்றாள்.

இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் செங்கமலம் மட்டும் அசரவில்லை. சபாபதியின் அலமாரியில் கிடக்கும் பழைய பொன்னாடைகளைத் தூசி தட்டுபவள் அவள்தான். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு யாரும் ஒன்றும் போர்த்தவில்லை. அவரிடமே போய் நின்றாள்.

"கீழ ஒரு சத்தமும் உங்க காதுல விழாதுங்கய்யா, நான் பொறுப்பு. ஆனா விழாவுக்கு நீங்கதான் தலைமை. பொன்னாடைகூட வாங்கப் போறோம்."

அவர் தொண்டையைச் செருமினார். "எத்தனை மணிக்கு?"

ஞாயிறு மாலை, மாடிவீட்டில், போர்த்திய பொன்னாடையோடு, பிள்ளைகளைவிட உரக்க வாழ்த்துப் பாடினார் சபாபதி. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"என்ன சார் இத்தனை சத்தம்?"

"குழந்தைக்குப் பிறந்தநாள்யா! காதைப் பொத்திக்கிட்டுப் படு!"

செங்கமலம் அவர் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

"கீழ்வீட்டுல ஒண்ணும் கேட்டிருக்காதுங்கய்யா."