என் வீட்டுக்காரர் பிடித்த உளுவை

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வெட்கம். எனக்கும் சேர்த்து என் வீட்டுக்காரர் அஞ்சாப்புலி பேசிவிடுவார்.

பிள்ளைக்குப் பால் பத்தவில்லை. "பால்சுறா பிடிச்சாரேன், புட்டு பண்ணித் தின்னு, ஊறும்" என்று விடியற்காலையில் தோணி ஏறிப் போனவர், சாயங்காலம் ஒற்றை உளுவையோடு வந்தார். சேற்றில் வளை தோண்டிக் கிடக்குமே, அந்தப் பொடி மீன்தான். என் சுண்டுவிரல் நீளம். பக்கத்து வீட்டு பூரணி அக்கா வாசலில் நின்றது. போதாதா? கதையை எடுத்துவிட்டார்.

"தூண்டில்ல சுறா மாட்டிடுச்சிக்கா. இழுக்கிறேன், சுரபுன்னை மரத்து வேருக்குள்ளேருந்து இந்தப் பய பாய்ஞ்சான். சுறாவ முழுசா முழுங்கிட்டான்!"

"இதுவா? இது வாயில என் மூக்குத்தியே போவாதே தம்பி."

"இப்ப மூடிக்கிட்டிருக்குக்கா. அப்ப பாத்திருக்கணும்! தோணியோட என்னை இழுத்துக்கிட்டு ஓடுது. பரங்கிப்பேட்டை போச்சு, கடலூர் போச்சு, மெட்ராசு லைட்டவுசே தெரியுது. வாலப் புடிச்சி ஒரு திருப்பு திருப்பினேன். ஆத்துத் தண்ணியெல்லாம் கரையேறிடுச்சி. பாதி வழி ரோட்டுலதான் தோணி விட்டேன்!"

"அதான் வேட்டியில பொட்டு சேறு இல்லியா?"

"அது வால் விசிறின காத்துல காஞ்சி உதுந்துடுச்சி."

"கன்னத்துல பாய்க்கோடு?"

"பாயா! மல்லுக்கட்டினப்ப உளுவைச் செதிலு பதிஞ்சதுக்கா."

"அவ்ளோ பெருசு, இப்ப ஏன் இத்துனூண்டா இருக்கு?"

"எங்கிட்ட தோத்துதில்ல, அந்த வெட்கத்துல சுருங்கிடுச்சி."

இதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உளுவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மத்தியானம் பூரணி அக்கா கொடுத்த பால்சுறாவில் புட்டு செய்து, அவர் பங்கைச் சோற்றோடு மூடி வைத்திருந்தேன். உட்கார்ந்து நிதானமாக அதையும் தின்றேன். பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். அது தூங்கிவிட்டது.

"பசிக்குதுடி, சோறு போடு" என்று குரல் வந்தது. வெளியே வந்தேன்.

"ஏங்க, உங்க உளுவைக்கு வெட்கம் தெளிஞ்சிடுச்சிபோல. உங்களுக்கு வச்சிருந்த சுறாப்புட்டையும் சோத்தையும் வழிச்சி முழுங்கிடுச்சி."

"புளுகாதடி! இத்துனூண்டு மீனு எப்படிடி அவ்ளோ திங்கும்?"

பூரணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

நான் தலை நிமிரவில்லை. தட்டில் உளுவையை வைத்து அவர் முன்னால் தள்ளினேன்.

"எல்லாம் அது வயித்துலதாங்க இருக்கு. காலையில முழுங்கின சுறாவும் இருக்கும். அறுத்துச் சாப்பிடுங்க."