முன்வலத் தண்டு

குரு பாத்திரக்கடை மாடியில் இருந்தார். அங்கே ஏசி கிடையாது. ஒரு ஃபேன் உண்டு. அதுவும் தனக்குத் தோன்றினால்தான் சுற்றும்.

குருவின் பெயர் ஜெசிந்தா. வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்த மாடி ஜிம்முக்கு வருகிற எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

சீடரின் பெயர் சாரநாதன். டவுன் பஸ் டிரைவர். நாற்பதைத் தாண்டியவர். மீசை மட்டும் தனியாக ஒரு கிலோ தேறும். அவரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார். மாஸ்டர் அவரை அண்ணே என்றார்.

வந்த அன்றே சீடர் கேட்டார்.

“மாஸ்டர், கீழ் முதுகுல டிஸ்க் பிதுங்கியிருக்கு. பழைய பலம் வருமா?”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

சீடர் இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டாக்டராகவே மாறினார்.

“ஆபரேஷன் வேண்டாம் மிஸ்டர் சாரநாதன். எக்சர்சைஸ் பண்ணுங்க. பட், மெதுவா!”

“பலம் எதுக்குண்ணே?”

“பங்குனில பெருமாள் புறப்பாடு. பல்லக்குல முன்னாடி வலது பக்கம், முன்வலத் தண்டு, என்னோடது. அதுக்கு முன்னாடி எங்கப்பாவோடது. போன வருசம் தூக்கி முடிச்சு வீட்டுக்குப் போயி, வேட்டி நுனிய எடுக்கக் குனிஞ்சேன். குனிஞ்சது குனிஞ்சபடியே நின்னுட்டேன். இந்த வருசம் நான் தோள் குடுக்கலைன்னா என் மச்சினன் ராஜப்பா குடுத்துருவான்.”

“குடுக்கட்டுமே?”

“அவன் புடிச்சா விடமாட்டான் மாஸ்டர். இப்பவே வாராவாரம் வந்து, ‘அத்தான், முதுகு எப்படி இருக்கு அத்தான்? நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தான்’னு தேன் ஒழுகப் பேசுறான்.”

மாஸ்டர் ஒரு பாயைக் காட்டினார்.

“நாலு கால்ல நில்லுங்க.”

சீடர் நின்றார்.

“வலது கைய முன்னாடி, இடது கால பின்னாடி நீட்டுங்க. முதுகு நேரா இருக்கணும். நடுங்குறதுக்கு முன்னாடி இறக்கிடுங்க.”

சீடர் நீட்டினார். மீசை நடுங்கியது. வயிறு நடுங்கியது. பக்கத்தில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்த காலேஜ் பையன்கள் தண்டாலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சீடர் இறக்கவில்லை. கடைசியில் பாயில் முகம் குப்புற விழுந்தார்.

“பெருமாள நாலு கால்லயா தூக்கப்போறேன் மாஸ்டர்?” என்று பாய்க்குள்ளிருந்தே கேட்டார்.

மாஸ்டர் பாயைத் தட்டி, மறுபடி நிற்கச் சொன்னார்.

ஐப்பசியில் சீடர் விளக்குமாற்றுக் குச்சியை முதுகோடு ஒட்டிவைத்து, முதுகு வளையாமல் இடுப்பில் மடங்கக் கற்றார். பஸ்ஸில் ஏறும்போதும் அப்படியே மடங்கி ஏறினார். கண்டக்டர், “என்னண்ணே, கேரேஜ் கதவு மாதிரி மடங்குறீங்க?” என்றார்.

மார்கழியில் இரும்பு பார் கைக்கு வந்தது. இரண்டு பக்கமும் எடைத் தட்டு இல்லாமல் மொட்டை.

“நூறு கிலோ போடுங்க மாஸ்டர்.”

“எவ்வளவு போடணும்னு நான் சொல்லுவேன். இப்ப மொட்டையாவே எடுத்து நில்லுங்க. வேணும்கிறப்ப கீழ வச்சிடுங்க.”

மாஸ்டருக்கு ஃபோன் வந்தது. ஜன்னல் பக்கம் போனார். பாரைப் பிடித்தபடி சீடர் நின்றார். மாஸ்டர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தபோது சீடரின் பனியன் நனைந்திருந்தது. முகத்தில் வெற்றிப் புன்னகை.

“நீங்க வர்ற வரைக்கும் வைக்கலையே!”

“கால்ல எறும்பு ஊறுற மாதிரி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எப்ப?”

“நீங்க ஹலோ சொன்னப்பவே.”

“அப்பவே ஏன் வைக்கல?”

“நீங்க சொல்லலையே மாஸ்டர்.”

மாஸ்டர் பாரை வாங்கித் தரையில் வைத்தார். சத்தமே வரவில்லை.

“அண்ணே, பல்லக்க நடுவுல எங்கயுமே நிறுத்த மாட்டீங்களா?”

“நிறுத்தலாம். ஆளுக்கொரு கவட்டைக் கம்பு கையில இருக்கும். ‘கம்பு போடு’ன்னு குரல் வந்தா, எல்லாரும் தண்டுக்கு அடியில முட்டுக் குடுத்துட்டுத் தோள எடுத்துக்கலாம்.”

“குரல் யாரு குடுக்கணும்?”

சீடர் நெஞ்சை நிமிர்த்தினார். “முன்வலத் தண்டு. வேற எவனும் வாயத் தெறக்கக் கூடாது. அது எங்க வழக்கம்.”

“குடுப்பீங்களா?”

“நானா? கோயில் வாசல்ல எடுத்தா தேரடியிலதான் இறக்குவேன். எங்கப்பாவும் அப்படித்தான்.”

மாஸ்டர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

தையில் பாரின் இரண்டு பக்கமும் சின்னத் தட்டுகள் ஏறின. மாசியில் இன்னும் கொஞ்சம். பங்குனியில் டாக்டர் பரிசோதித்துத் தலையாட்டினார். மாஸ்டர் “போய்ட்டு வாங்கண்ணே” என்றார். அவ்வளவுதான்.

புறப்பாடு. நாதஸ்வரம் முன்னால் போனது. முன்வலத்தில் சாரநாதன். முன்னால் இடது தண்டில் ராஜப்பா.

“அத்தான், ஓகேவா அத்தான்? முடியலைன்னா மாத்திக்கலாம் அத்தான்.”

“ரோட்டப் பாருடா.”

ஜவுளிக்கடை முக்குத் திரும்பியபோது இடுப்பில் ஒரு எறும்பு கிளம்பியது. தொடைக்கு வந்தது. வலி இல்லை. எறும்புதான். தேரடி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம். பல்லைக் கடித்தால் போய்விடலாம்.

சாரநாதன் பல்லைக் கடித்தார். ராஜப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

எறும்பு முழங்காலுக்கு இறங்கியது.

“கம்பு போடு!”

யாரும் போடவில்லை. தப்பாகக் காதில் விழுந்ததென்று நினைத்தார்கள்.

“கம்பு போடுங்கய்யா!”

ஒரே களேபரம். கம்பு எந்தக் கையில் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. ராஜப்பாவிடம் கம்பே இல்லை. தேவைப்படாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். பின்னால் நின்றவர் தன் கம்பை நகர்த்தி அவன் பக்கத்தையும் தாங்கினார்.

பெருமாள் கம்புகள் மேல் அசையாமல் நின்றார்.

பஸ் டயரில் காற்று இறங்குவது போல ஒரு சத்தம் கேட்டது. தூக்கியவர்கள் மொத்தமாக மூச்சு விட்ட சத்தம்.

இருப்பதிலேயே மூத்த ஆளான அரங்கராசு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார். சாரநாதன் தலை குனிந்துகொண்டார்.

“ஏன்டா சாரநாதா, இந்தக் குரல உங்கப்பன் காலத்துலேருந்து எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்டா!”

“வலிச்சா சொல்லியிருக்கலாம்லண்ணே?”

“எப்படிறா சொல்றது? குரல் உன்கிட்டல்ல இருக்கு!”

ராஜப்பா தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “எனக்கும்தான் வலிச்சுது அத்தான்” என்றான். குரலில் தேன் இல்லை.

திருவிழா முடிந்து சீடர் பாத்திரக்கடை மாடி ஏறினார்.

“பெருமாள் தேரடி சேந்துட்டாரு மாஸ்டர்.”

“சந்தோசம்.”

“ஆனா நடுவுல நிறுத்திட்டேன்.”

“வலிச்சுதா?”

“வலிக்கல. வலிக்கிறதுக்கு முன்னாடி.”

மாஸ்டர் எழுந்தார். பாரில் மாட்டியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பார் மொட்டையானது. சின்னதும் பெரியதுமாகத் தட்டுகள் அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினார்.

“இன்னைக்கு எவ்வளவு போடலாம்ணே?”

சீடர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். நூறு என்று வரவில்லை. வாயை மூடிக்கொண்டார். தட்டுகளைப் பார்த்தார். கை தானாகப் பின்னால் போய் இடுப்பில் நின்றது.

ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

“அவசரமில்லண்ணே” என்றார் மாஸ்டர். “முதுகக் கேட்டுட்டே சொல்லுங்க.”